ஸனாதிகிய்யா தெருவில் ஒரு வரலாற்று வீடு

கெய்ரோவில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலை அடுத்துள்ள தெருக்களுள் ஒன்று ஸனாதிகிய்யா. பெட்டி செய்வோர் தெரு என்பது இதன் பொருள். நம் ஊர்களில் ஜனாஸாவைச் சுமந்து செல்லும் ‘சந்தூக்’கும் இதே அரபுச் சொல்லின் வழி வந்ததே. எகிப்தின் வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்ஜபர்த்தி (ரஹ்) அவர்களின் குடும்பத்து வீடு இத்தெருவில்தான் இருந்தது.

ஜபர்த் என்பது ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையில், ஸைலா துறைமுகத்தை ஒட்டிய நிலப்பகுதி. அங்கிருந்து கல்வி நாடி வந்த முன்னோர், அல்அஸ்ஹரில் தம் நாட்டு மாணவர்களுக்கென இருந்த விடுதிக்குத் தலைமை ஏற்றனர். அப்பொறுப்பு தலைமுறை தலைமுறையாக அக்குடும்பத்திலேயே நிலைத்தது. தந்தை ஹஸன் அல்ஜபர்த்தி மார்க்க அறிஞர். அத்துடன் கணிதத்திலும் வானியலிலும் கெய்ரோவில் அவருக்கு நிகரானவர் அரிது. ஹிஜ்ரி 1159இல் ஐரோப்பிய மாணவர் சிலர் அவரிடம் வந்து வடிவியல் கற்றுச் சென்றதாக மகன் எழுதுகிறார். கடைத்தெருவின் எடைக்கற்கள் முறை தவறியிருந்தபோது அவற்றைச் சீர்செய்யும் பணியையும் ஹஸன் மேற்கொண்டார். அளவையில் நேர்மையை வற்புறுத்தும் மார்க்கத்தில் இதுவும் ஓர் அறிஞரின் கடமையாகவே கருதப்பட்டது. அவ்வீட்டு நூல்கள் கேட்டு வந்த மாணவருக்கெல்லாம் கொடுக்கப்பட்டன. அவற்றுள் சில திரும்பி வரவில்லை. (புத்தகம் இரவல் கொடுத்த எவரும் இதில் வியப்படையமாட்டார்.)

அவ்வீட்டில் பிறந்த பிள்ளைகள் நாற்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பருவம் எய்தும்வரை உயிரோடிருந்தவர் 1753இல் பிறந்த அப்துர் ரஹ்மான் ஒருவரே. 1774இல் தந்தை மறைந்தபோது நூல்களும் கருவிகளும் அறிஞர்களின் நட்பும் இளைஞரான அவரிடம் வந்து சேர்ந்தன.

அவரை வரலாற்றுப் பணியில் இறக்கியவர் நம் நாட்டில் பிறந்த ஒருவர் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’வுக்குப் பெரும் விரிவுரை எழுதிய முர்தளா அஸ்ஸபீதி (ரஹ்), வட இந்தியாவின் பில்கிராமில் பிறந்து, யமனில் கற்று, கெய்ரோவில் குடியேறியவர். அந்நூற்றாண்டின் அறிஞர் வரலாறுகளைத் திரட்டித் தருமாறு அவர் ஜபர்த்தியைப் பணித்தார். அதன் பின்னணியில் இருந்தவர் டமாஸ்கஸின் முஃப்தியும் வரலாற்றாசிரியருமான அல்முராதீ. ஸபீதி 1791இல் கொள்ளைநோயில் இறந்தார். அதே ஆண்டில் முராதீயும் மறைந்தார். கேட்டவர் இருவரும் போய்விட, ஜபர்த்தியின் ஊக்கம் தளர்ந்தது. எனினும் சேகரித்த தாள்களை அவர் எறிந்துவிடவில்லை. பின்னாளில் அவற்றையே அடித்தளமாகக் கொண்டு மீண்டும் தொடங்கினார்.

அவர் சான்று திரட்டிய முறை நம் கவனத்துக்குரியது. தம் காலத்துக்கு முந்திய நிகழ்ச்சிகளை முதியோரிடம் கேட்டறிந்தார். அலுவலக எழுத்தர்களின் பதிவேடுகளைப் பார்த்தார். அடக்கத்தலங்களில் மீஸான் கற்களைப் படித்து இறந்த ஆண்டுகளைக் குறித்தார். இளமையில் தாம் கண்டவற்றை நினைவிலிருந்து எழுதினார். பிந்தியவற்றை நடந்தபோதே எழுதினார். இந்த வேறுபாட்டை நூலின் முகப்பிலேயே வாசகருக்குத் தெரிவித்தும்விட்டார். நம் மஹல்லாக்களின் நிகாஹ் பதிவேடுகளும் மையவாடிக் கற்களும் எத்தகைய செல்வம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

1798இல் நெப்போலியனின் படை கெய்ரோவுக்குள் நுழைந்தது. அக்டோபரில் மக்கள் கிளர்ந்தெழ, அல்அஸ்ஹரைச் சுற்றிய பகுதி பீரங்கிக் குண்டுகளுக்கு இலக்காயிற்று. வீரர்கள் குதிரைகளோடு பள்ளிவாசலுக்குள் புகுந்ததையும் நூல்களையும் குர்ஆன் பிரதிகளையும் மிதித்ததையும் ஜபர்த்தி வேதனையோடு பதிவு செய்தார். அதே பேனாவால், பிரெஞ்சு அறிஞர்களின் நூலகத்துக்குத் தாம் சென்றதையும், வருவோரை அவர்கள் முகமலர்ச்சியோடு வரவேற்றதையும், அவர்களது கற்கும் ஆர்வத்தையும் பாராட்டி எழுதினார். தளபதி கிளெபரைக் கொன்ற ஸுலைமான் அல்ஹலபியின் வழக்கு விசாரணையைப் பிரெஞ்சுக்காரர் அரபியில் அச்சிட்டபோது, அதன் மொழிநடை மோசமானது என்று குறைகூறியபடியே முழுவதையும் தம் நூலில் சேர்த்தார். பகைவரின் ஆவணமும் ஆவணமே என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

பிரெஞ்சுக்காரருக்குப் பின் அதிகாரத்துக்கு வந்த முஹம்மது அலீ பாஷாவிடமும் அவர் அளவுகோலை மாற்றிக்கொள்ளவில்லை. வக்ஃபு நிலங்கள் அரசின் பிடிக்குள் போனதையும், குடிமக்கள் மீது சுமத்தப்பட்ட வரிகளையும் ஒளிவுமறைவின்றி எழுதினார். ‘அஜாயிபுல் ஆஸார்’ என்ற அப்பெருநூல் ஹிஜ்ரி 1236ஆம் ஆண்டோடு, அதாவது 1821இல், நின்றுவிடுகிறது. மறு ஆண்டு, பாஷாவின் மாளிகை இருந்த ஷுப்ராவிலிருந்து திரும்பும் வழியில் மகன் கலீல் கொல்லப்பட்டார். அத்துயரில் தந்தை அழுது அழுது பார்வையை இழந்தார். பிறகு அவர் எழுதவில்லை. 1825இல் மறைந்தார்.

பாஷாவின் வழிவந்தோர் ஆட்சியில் நெடுங்காலம் அந்நூலை அச்சிட முடியவில்லை. கையெழுத்துப் பிரதிகளாகவே அது கைமாறி வந்தது. ஹிஜ்ரி 1297இல்தான் நான்கு பாகங்களாக முழுமையாக அச்சேறியது. அச்சிட்டது பூலாக் அச்சகம்; அதை நிறுவியவர் முஹம்மது அலீ பாஷா.