மூக்கறுபட்டவர்களும் மூக்குப் பெற்றவர்களும்

சென்ற பெருநாள் விடுமுறையில் எனது பழைய மாணவி ஒருத்தி வீடு தேடி வந்தாள். கொழும்பில் வேலை பார்க்கிறாள்; கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தேத்தண்ணீர் ஆறும்வரை பேசாமல் இருந்தவள், "டீச்சர், நான் மூக்க ஒப்பரேசன் செஞ்சி சரிப்படுத்தப் போறன்" என்றாள். பெண் பார்க்க வந்த ஒருவர், "புள்ள நல்ல புள்ளதான், மூக்குத்தான் கொஞ்சம் சப்பை" என்று சொல்லிவிட்டுப் போனாராம். "அது ஹராமா டீச்சர்? ஆபத்தா?" என்று கேட்டாள்.

நான் தமிழ் படிப்பிக்கிறவள். மௌலவியுமல்ல, வைத்தியருமல்ல. ஆனாலும் இந்தச் சிகிச்சைக்கு ஒரு வரலாறு உண்டு. அன்று அவளுக்குச் சொன்னதையும், பிறகு தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

அவமானப்பட்டவனை 'மூக்கறுபட்டான்' என்கிறோம். இது வெறும் சொல்லலங்காரமல்ல. கம்பனைப் படித்தவர்களுக்குச் சூர்ப்பணகையைத் தெரியும். கதையில் மட்டுமல்ல, நாடாண்டவர்களும் இத்தண்டனையைக் கொடுத்தார்கள். உயிரை விட்டுவிட்டு முகத்தை எடுத்துவிடுவது அதன் நோக்கம். எமது நாட்டிலேயே 1814 இல், ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியிலிருந்து கண்டிக்குச் சென்ற பத்து வணிகர்கள் அரச கட்டளைப்படி அங்கஹீனம் செய்யப்பட்டார்கள் என்று ஆங்கிலேயர் பதிவுகள் கூறுகின்றன. ஏழு பேர் இறந்தார்கள். மூவர் வெட்டப்பட்ட உறுப்புகள் கழுத்தில் தொங்கக் கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். மறு வருடம் கண்டி மீது படையெடுக்க ஆங்கிலேயர் காட்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

இதற்கு இருபது வருடங்களுக்கு முந்திய இன்னொரு சம்பவம்தான் உலக மருத்துவத்தைத் திருப்பிவிட்டது. அது மைசூர்ப் போர்க்காலம். திருகோணமலைக்கு மைசூர் அந்நியமல்ல. 1782 இல் எமது துறைமுகத்தை ஆங்கிலேயரிடமிருந்து பறித்த பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென், ஹைதர் அலியின் கூட்டாளி. ஹைதரின் மகன் திப்பு சுல்தானின் படை, 1792 ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவரைப் பிடித்து, மூக்கையும் ஒரு கையையும் வெட்டியது. திப்புவை நாம் தியாகியாகப் போற்றுகிறோம். அதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. அக்காலத்து அரசர்கள் பலரும் செய்ததையே அவரது படையும் செய்தது.

சுமார் ஒரு வருடம் மூக்கில்லாமல் வாழ்ந்த காவஸ்ஜிக்குப் பூனா அருகே ஒருவர் மூக்கு வைத்தார். செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த நாட்டு வைத்தியர் அவர். முதலில் மெழுகால் ஒரு மூக்குச் செய்து பொருத்திப் பார்த்தார். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு கீறினார். அந்த அளவுக்குத் தோலை உரித்து, புருவங்களுக்கு நடுவே ஒரு சிறு துண்டை மட்டும் அறுக்காமல் விட்டு, அப்படியே திருப்பிக் கீழே கொண்டுவந்து பொருத்தினார். அந்தத் துண்டு வழியாகத்தான் புதிய மூக்குக்கு இரத்தம் ஓடியது. மேலே, வெற்றிலையோடு மெல்லுகிற காசுக்கட்டியைக் குழைத்துத் துணியில் பூசிக் கட்டினார். சில நாட்களுக்குப் பின் நெய். ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள் அந்த இணைப்பை அறுத்துவிட்டார். ஆங்கில வைத்தியர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். 1794 ஒக்டோபரில் இலண்டன் 'ஜென்டில்மென்ஸ் மாகசின்' இதைப் படத்துடன் வெளியிட்டது.

அதைப் படித்த ஜோசப் கார்ப்பியூ என்ற வைத்தியர், 1814 ஒக்டோபர் 23 ஆம் திகதி இலண்டனில் இதே முறையில் ஓர் இராணுவ அதிகாரிக்கு மூக்கு அமைத்தார். கண்டியில் மூக்கறுத்த அதே வருடம்!

மூக்கமைக்கும் கலை அதற்கும் மிகப் பழையது. சுசுருத சம்ஹிதையில் கன்னத்துத் தோலால் மூக்கமைக்கும் முறை இருக்கிறது. பக்தாதில் பர்மகீ அமைச்சர் யஹ்யா பின் காலிதின் ஏற்பாட்டில் மன்கா என்ற இந்திய வைத்தியர் அந்நூலை அரபுக்குக் கொண்டுவந்ததை இப்னு நதீம் பதிவு செய்திருக்கிறார்.

இனி மாணவியின் முதல் கேள்வி. அர்ஃபஜா என்ற ஸஹாபி, அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார், அது துர்நாற்றமெடுத்தது. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தில் செய்துகொள்ளச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் இச்செய்தி உண்டு. ஆணுக்குத் தங்கம் தடை என்றிருந்தும், இழந்த முகத்தை மீட்க அது அனுமதிக்கப்பட்டது. இதை வைத்தே அறிஞர்கள் பலர் குறையை நீக்கும் சிகிச்சையை ஆகுமென்றும், அழகுக்காக மட்டும் படைப்பை மாற்றுவதைக் கூடாதென்றும் பிரிக்கிறார்கள். மூச்சுவிடத் தடையாக உள்ளே கோணிய மூக்கு, விபத்தில் உடைந்த மூக்கு எல்லாம் முதல் வகை.

ஆனால் மனவேதனை எந்த வகை? 1898 இல் பேர்லினில் ஜாக் ஜோசப் என்ற வைத்தியர், பெரிய மூக்கினால் வெளியே போகவே கூச்சப்பட்ட ஒருவருக்கு அதைச் சிறிதாக்கினார். நோயில்லாத மூக்கிலும் கத்தி வைக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது அக்காலத்தில்தான். இந்த இடத்தில் தீர்ப்பை உலமாக்களிடம் விடுகிறேன்.

இரண்டாம் கேள்விக்கு, வைத்தியர்கள் பொதுவாகச் சொல்லுவதைச் சொன்னேன். பெரும்பாலும் முழு மயக்கத்தில் எலும்பையும் குருத்தெலும்பையும் செதுக்குவார்கள். ஒரு கிழமை அளவில் மூக்கின் மேல் பட்டை இருக்கும். வீக்கம் முழுதாக வற்றி இறுதி வடிவம் தெரிய ஒரு வருடமாகலாம். கலியாணத்துக்கு இரண்டு மாதமிருக்கச் செய்கிற காரியமல்ல. இரத்தக்கசிவு, தொற்று, விறைப்பு, மூச்சுத்திணறல் வரலாம். சிலருக்கு மறுபடியும் கத்தி வைக்க நேரும். இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ள, இத்துறையில் விசேட பயிற்சி பெற்ற வைத்தியரா என்று பார்க்க வேண்டும். அழகு நிலையங்களில் ஊசியால் மூக்கை உயர்த்துவதைச் சின்ன விசயமென்று நினைக்கக்கூடாது. மருந்து இரத்தக்குழாயில் புகுந்தால் கண்பார்வையே போகலாம்.

கடைசியாக நான் அவளிடம் ஒன்று கேட்டேன். "மகள், அந்த ஆள் வர முந்தி உன்ட மூக்கப்பத்தி நீ எப்பவாவது கவலைப்பட்டிருக்கியா?"

கொஞ்சநேரம் யோசித்தாள். "இல்ல டீச்சர். வாப்பாட மூக்கு எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு அது சந்தோசமாத்தான் இருந்திச்சி" என்றாள்.

அவளுடைய வாப்பா கடலில் மௌத்தானவர். முடிவை அவள் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.