மேசை மேலே ஒரு போர்டு ஃபேக்டரி

கடுகைவிடச் சின்ன ரெசிஸ்டர் இருக்கு, தெரியுமா? 0402 அளவுன்னு சொல்வாங்க. நீளம் 1 மில்லிமீட்டர், அகலம் அதுல பாதி. இதை உறிஞ்சி எடுத்து, சர்க்யூட் போர்டில் சால்டர் பேஸ்ட் தடவிய இடத்தில் வைக்கிறதுதான் 'பிக் அண்ட் பிளேஸ்' மெஷினோட வேலை. ஆயிரக்கணக்கில் போர்டு வேணும்னா ஃபேக்டரி இருக்கு. ஒண்ணே ஒண்ணுன்னா ட்வீசர் போதும். 50 போர்டு வேணும்னா? அங்கேதான் சின்ன ஆட்கள் மாட்டிக்கிட்டாங்க.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005-ல் ரெப்ராப் என்ற திறந்த 3டி பிரிண்டர் திட்டத்தைத் தொடங்கினார். அது பரவியதும் மோட்டாரும் கன்ட்ரோல் போர்டும் மலிவாயிடுச்சு. அப்போ பிரிண்டரோட சூடான முனையைக் கழட்டிட்டு உறிஞ்சுற முனையை மாட்டினா போதாதா?

போதாது. பிரிண்டர் எதையும் தேட வேண்டியதில்லை, தானே வச்ச அடுக்குமேல அடுத்ததை வைக்கும். இங்கே போர்டு கொஞ்சம் கோணலா இருக்கும், பாகம் டேப்புக் குழிக்குள்ள ஆடும், முனை அதை ஓரமாப் பிடிக்கும். மோட்டார் எவ்வளவு துல்லியமா இருந்தாலும் இது தீராது.

தீர்த்தது கேமரா. அமெரிக்காவில் ஜேசன் வான் நீடா தொடங்கிய ஓப்பன்பிஎன்பி என்ற இலவச மென்பொருள் ரெண்டு கேமராவை வச்சு வேலை செய்யும். ஒண்ணு மேலேயிருந்து போர்டில் உள்ள அடையாளப் புள்ளிகளைத் தேடும். இன்னொண்ணு கீழேயிருந்து, முனையில் தொங்குற பாகம் எவ்வளவு விலகியிருக்கு, எவ்வளவு திரும்பியிருக்குன்னு அளக்கும். உடம்பு சுமார்தான், கண்ணு சரிபண்ணிடும். எல்லாரும் மெஷினைப் பத்தியே பேசுறாங்க. என்னைக் கேட்டா, உண்மையான திருப்பம் இந்த மென்பொருள்தான்.

அப்புறம் ஸ்டீபன் ஹாஸ் வந்தார். தன் மெஷினை உருவாக்குவதை யூடியூபில் காட்டிக்கிட்டே வந்தார். முதலில் அதன் பெயர் இண்டெக்ஸ், இப்போ லூமன்பிஎன்பி. அவருடைய ஓபுலோ நிறுவனம் அதை விற்குது. வடிவமைப்புக் கோப்புகளோ எல்லாருக்கும் திறந்தே இருக்கு. உள்ளே மோட்டாரை ஓட்டுறது மார்லின், அதே 3டி பிரிண்டர் ஃபர்ம்வேர்!

இன்னும் படுத்துறது ஃபீடர். ஒவ்வொரு வகைப் பாகத்துக்கும் டேப்பைத் தள்ளித் தர ஒண்ணு வேணும். 30 வகைன்னா 30 ஃபீடர். கைக்காசு போட்டு செய்றவங்களுக்கு இது பெரிய செலவு. அதனால பலர் டேப்பை வெட்டி, மேல்மூடியை உரிச்சு, அப்படியே மெஷின் தட்டில் ஒட்டிடுறாங்க. டேப்பின் ஓரத் துளைகளைக் கேமரா கண்டுபிடிச்சு, அடுத்த பாகம் எங்கேன்னு கணக்குப் போட்டுக்கும். மூடியில்லாம கிடக்கிறதால ஃபேனை மட்டும் நிறுத்திடுங்க. தும்மலையும் அடக்கிக்கணும்.