எந்த ஆங்கிலப் பரீட்சை? பணம் கட்டும் முன் ஒரு கேள்வி

உயர்தரப் பெறுபேறுகள் வந்த கையோடு அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை என்று கண்டியைச் சுற்றியுள்ள எமது ஊர்களில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "ஐஈஎல்டிஎஸ் செய்யவா, பிடிஈ செய்யவா? எது லேசு?" வகுப்பு நடத்துபவர் தான் படிப்பிக்கும் பரீட்சையே லேசு என்பார். ஏஜன்ட் தனக்குப் பழக்கமானதைச் சொல்வார். பிள்ளை கூட்டாளி செய்ததைச் செய்யும். பரீட்சைக் கட்டணமோ பல குடும்பங்களின் ஒரு மாத வருமானத்தைத் தாண்டுகிறது.

கேள்வியே பிழை. எது லேசு என்பதை விட, இந்தப் பெறுபேற்றை யாரிடம் கொடுக்கப் போகிறோம் என்றே முதலில் கேட்க வேண்டும். பல்கலைக்கழகத்திடமா, வீசா அதிகாரியிடமா, தாதியர் சபையிடமா? அவர்கள் எதை ஏற்கிறார்கள் என்பதை அவர்களது இணையத்தளத்திலேயே வாசித்த பிறகுதான் லேசு, கஷ்டம் பற்றிப் பேசலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இது. திருமணமாகி இங்கிலாந்தில் உள்ள கணவனிடம் செல்ல வேண்டிய பெண். யாரோ சொன்னார்கள் என்று பல மாதம் ஐஈஎல்டிஎஸ் அகடமிக் வகுப்புக்குப் போனார். வரைபடத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதப் பழகினார், அழுதார், இரண்டு தடவை பரீட்சையும் எழுதினார். அவருக்குத் தேவைப்பட்டதோ ஏ1 எனப்படும் ஆரம்ப மட்டம். வாழ்க்கைத் துணைக்கான வீசாவில் முதல் தடவை இங்கிலாந்து செல்பவரிடம் கேட்கப்படுவது செவிமடுத்தலும் பேசுதலும் மாத்திரமே. அதற்கென்றே ஐஈஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் என்ற சிறிய பரீட்சை இருக்கிறது. வீசா நீடிப்புக்கு ஏ2, நிரந்தர வதிவிடத்துக்கு பி1 என்று படிப்படியாகத்தான் மட்டம் உயர்கிறது. எழுத்துப் பரீட்சையே தேவைப்படாத ஒருவர் எழுத்தில் சித்தியடையவில்லை என்று மாதக்கணக்கில் கணவனைப் பிரிந்திருந்தார்.

படிக்கச் செல்பவர்களுக்கும் இங்கிலாந்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பட்டப்படிப்புக்குச் செல்லும் மாணவரின் ஆங்கிலத்தைப் பல்கலைக்கழகமே மதிப்பிட்டுக்கொள்ளலாம். ஆகவே சாதாரண ஐஈஎல்டிஎஸ் அகடமிக்கே பெரும்பாலும் போதும். சில பல்கலைக்கழகங்கள் வேறு பரீட்சைகளையும் ஏற்கின்றன. ஆனால் பட்டத்துக்குக் கீழான ஃபவுண்டேஷன் போன்ற கற்கைகளுக்குச் செல்பவர், பிரித்தானிய உள்துறை அங்கீகரித்த பாதுகாப்பான பரீட்சை ஒன்றையே செய்திருக்க வேண்டும். ஐஈஎல்டிஎஸ்ஸில் அதற்கு 'யூகேவிஐ' என்று தனிப் பதிவு. வினாத்தாளின் வகையும் புள்ளியிடும் முறையும் ஒன்றேதான். ஆனாலும் தவறான பெட்டியில் அடையாளமிட்டுப் பதிந்தால் நல்ல புள்ளி எடுத்தும் அந்த வீசாவுக்கு அது உதவாது. உயர்தரத்தில் புள்ளி குறைந்து ஃபவுண்டேஷன் வழியாகச் செல்லும் எமது பிள்ளைகளே இதில் அகப்படுகிறார்கள்.

கனடாவில் சிக்கல் வேறு விதம். அங்கே படிக்க அகடமிக். எக்ஸ்பிரஸ் என்ட்ரி மூலம் குடியேற விண்ணப்பிப்பவரிடமிருந்து ஐஈஎல்டிஎஸ் ஜெனரல் ட்ரெய்னிங்கையே ஏற்கிறார்கள், அகடமிக்கை அல்ல. பிடிஈயிலும் குடியேறுவோருக்கு 'பிடிஈ கோர்' என்று தனிப் பரீட்சை உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் பரீட்சையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

அவுஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல் மாணவர் வீசாவுக்கான ஐஈஎல்டிஎஸ் புள்ளியை 5.5இலிருந்து 6.0 ஆக உயர்த்தியது. பழைய துண்டுப் பிரசுரங்களை நம்பி 5.5 போதும் என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து செய்யும் பரீட்சைகளை அந்நாடு வீசாவுக்கு ஏற்பதில்லை. டுவோலிங்கோ மலிவு, வீட்டிலேயே செய்யலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு அது நல்ல வழியும்கூட. ஆனால் அதை வைத்து அவுஸ்திரேலிய வீசா கேட்க முடியாது.

இனி, சேருமிடம் இரண்டையும் ஏற்கிறது என்றால் ஐஈஎல்டிஎஸ்ஸா பிடிஈயா? இங்கே பிள்ளையின் சுபாவத்தைப் பார்க்க வேண்டும். ஐஈஎல்டிஎஸ்ஸில் 11 முதல் 14 நிமிடம் வரை ஒரு மனிதரோடு பேச வேண்டும். விளங்காவிட்டால் மீண்டும் கேட்கலாம், சிரிக்கலாம், திருத்திக்கொள்ளலாம். எழுத்தில் 150 சொற்களில் ஒன்று, 250 சொற்களில் ஒன்று. இரண்டாவதற்கே இரட்டிப்பு மதிப்பு. பிடிஈ சுமார் இரண்டு மணி நேரம் முழுவதும் கணினியில். பேச்சையும் இயந்திரத்தோடுதான் பேச வேண்டும். பக்கத்து ஆசனங்களில் மற்றவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்க, காதில் ஒலிக்கும் வசனத்தை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இடையில் தயங்கினால் புள்ளி போகும். அந்நியர் முன் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு பிடிஈ வசதி. தட்டச்சு வேகமில்லாத, யோசித்துப் பேசும் பிள்ளைக்கு ஐஈஎல்டிஎஸ் நல்லது. பிடிஈ பெறுபேறு பெரும்பாலும் இரண்டு நாட்களில் கிடைத்துவிடும் என்பதும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு காரணம்.

மருத்துவர், தாதியருக்கு மூன்றாவது பாதை உண்டு: ஓஈடி. பன்னிரண்டு சுகாதாரத் தொழில்களுக்கென அமைந்த பரீட்சை. நோயாளியை இன்னொரு மருத்துவரிடம் அனுப்பும் கடிதம் எழுதுவதும், நோயாளியோடு பேசுவதுமே அதன் எழுத்தும் பேச்சும். கட்டணம் ஐஈஎல்டிஎஸ்ஸை விட அதிகம். ஆனாலும் பிரித்தானிய தாதியர் சபை ஐஈஎல்டிஎஸ்ஸில் எழுத்துக்கு 6.5, மற்றைய மூன்றுக்கும் 7.0 கேட்கிறது. ஓஈடியில் எழுத்துக்கு சி+, மற்றவற்றுக்கு பி. உலக வெப்பமயமாதல் பற்றிக் கட்டுரை எழுதத் திணறும் ஒரு தாதி, தினமும் வார்டில் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் எழுதிவிடுவார்.

எந்தப் பரீட்சையும் மூன்று மாதத்தில் ஆங்கிலத்தைப் புகட்டிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் இசட் புள்ளிக்குச் சேர்க்கப்படுவதில்லை. அதனால் தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் இரண்டு வருடம் அதைத் தொடுவதே இல்லை. பிறகு 4.5 மட்டத்தில் இருந்துகொண்டு 6.5க்கு வகுப்புத் தேடுகிறார்கள். உத்தியோகபூர்வ இணையத்தளங்களில் மாதிரி வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முதல் ஒன்றை நேரம் வைத்துச் செய்து பார்த்தால், பிள்ளைக்குத் தேவை பரீட்சைப் பயிற்சியா ஆங்கிலமா என்பது அன்றே தெரிந்துவிடும். ஆங்கிலம்தான் என்றால் கண்டி டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகத்தில் கழியும் ஆறு மாதம் மலிவு. பெறுபேறு இரண்டு வருடம் மாத்திரமே செல்லுபடியாகும். ஆகவே முந்திச் செய்து வைப்பதிலும் இலாபமில்லை.

பதியும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. எமது பெயர்களே முதல் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் மொஹமட், அடையாள அட்டையில் முஹம்மது, பாடசாலையில் முதலெழுத்துகள் மட்டும். பரீட்சைக்குக் கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் பதிய வேண்டும். கடவுச்சீட்டு இல்லாதவர் முதலில் அதை எடுப்பதே முறை. ஹிஜாபுக்குத் தடையில்லை, ஆனால் அடையாளம் பார்க்கும்போதும் புகைப்படத்திலும் முகம் தெரிய வேண்டும். நிகாப் அணியும் சகோதரிகள் பெண் அலுவலர் ஒருவரை ஒழுங்குசெய்யும்படி முன்கூட்டியே நிலையத்துக்கு எழுதிக் கேட்பது நல்லது. வெள்ளிக்கிழமையில் பதிவதானால் ஜும்ஆ நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஈஎல்டிஎஸ்ஸில் செவிமடுத்தல், வாசித்தல், எழுதுதல் மூன்றும் இடைவேளை இல்லாமல் நடப்பவை. நோன்பு காலத்தில் காலை நேரத்தைத் தெரிவு செய்தவர்கள் பிற்பகலில் தலைவலியோடு எழுதவில்லை.

ஐஈஎல்டிஎஸ் கண்டியிலும் நடக்கிறது. ஆனால் எல்லா வகையும் எல்லாத் திகதியிலும் இங்கே கிடைக்காது. கொழும்புதான் என்றால் முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். மழை நாளில் கடுகண்ணாவையில் வாகனங்கள் நின்றுவிட்டால், பிந்தி வந்தவரை மண்டபத்துக்குள் எடுக்க மாட்டார்கள்.