ஊர் திரும்பிய மூத்தோர்

‘வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது’ என்பது முதுமையைக் குறித்த பழமொழி. மலாயாத் தோட்டங்களில் உழைத்து மூப்பெய்திய தமிழர் பலருக்கு இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது குரலொன்றும் கேட்டது. அது கடலுக்கு அப்பால் இருந்த பிறந்த ஊரின் குரல். அதற்குச் செவிசாய்த்து, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இங்கேயே விட்டுக் கப்பலேறிய தாத்தா பாட்டிகள் பலர். மலேசியத் தமிழர் வரலாற்றில் அவர்கள் பெற்றுள்ள இடம் மிகச் சிறிது.

வந்தவர்களைப் பற்றி எழுதப்பட்ட அளவிற்குச் சென்றவர்களைப் பற்றி எழுதப்படவில்லை. ஆனால், 1786 முதல் 1957 வரை இந்நாட்டிற்குள் வந்த இந்தியர் 40 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என்றும், அவருள் பெரும்பகுதியினர் திரும்பிச் சென்றனர் என்றும் புவியியலறிஞர் கே. எஸ். சந்து தம் ஆய்வில் காட்டியுள்ளார். கங்காணியின் பின் வந்த தொழிலாளி நிலைத்து வாழும் எண்ணத்தோடு வரவில்லை. சில ஆண்டுகள் பால்மரம் சீவிச் சிறிது பொருள் சேர்த்து, கடனை அடைத்து, ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்குவதே அவன் கனவு.

அக்கனவு ஆண்டுதோறும் தள்ளிப்போயிற்று. 1930-ஆம் ஆண்டையொட்டி இரப்பர் விலை வீழ்ந்தபோது பெருந்தொகையானோர் திருப்பி அனுப்பப்பட்டனர்; அது அவர்கள் தேடிக்கொண்ட பயணமன்று. 1938-இல் உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்று மலாயாவிற்கு வருவதை இந்திய அரசு தடை செய்தது. பின்னர் வந்த போர் கடல் வழியையே அடைத்துவிட்டது. இதற்கிடையில் பிள்ளைகள் இம்மண்ணில் பிறந்து வளர்ந்தனர், மணமுடித்தனர், அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தனர். வேலைக்குச் செல்லும் தாயர் ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற குழந்தைகளைத் தாலாட்டி வளர்த்தவர்களுள் மூதாட்டியரும் இருந்தனர். ஊர் நினைவில் இருந்தது. உறவோ கண்முன்னே இருந்தது.

அப்படியிருக்க, அவர்கள் ஏன் சென்றனர்? அன்பு குறைந்து சென்றார்கள் என்பது பொருந்தாது. தோட்டத்து லயத்து வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை முடிந்தால் அவ்வீட்டின் மீதான உரிமையும் முடிந்தது. பின்னர் மகன் பெயரிலுள்ள நெருக்கடியான வீட்டில் ஒண்டியிருக்க வேண்டும். 1951-இல் ஊழியர் சேமநிதி தொடங்கியபின், 55 வயதில் ஒரு தொகை மொத்தமாகக் கைக்கு வந்தது. வாழ்நாள் முழுதும் பிறர் கையை எதிர்பார்த்தவர்க்கு அது ஒரு முடிவெடுக்கும் வலிமையைத் தந்தது.

குடியுரிமையும் ஒரு காரணமாயிற்று. 1957-இல் நாடு விடுதலை பெற்றபின் பிறந்த பேரன் குடிமகனானான். விண்ணப்பிக்காத தாத்தாவின் கையிலோ சிவப்பு அடையாள அட்டை இருந்தது. குடியுரிமையற்றோர் வேலை உரிமம் பெறவேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரவர் இந்தியாவிற்குத் திரும்பினர். ஆகவே, மூத்தோர் சென்றதை முழு விருப்பம் என்றும் கூற இயலாது; முழுக் கட்டாயம் என்றும் கூற இயலாது. இருந்த வழிகளுள் தமக்கு மதிப்புடையதாகத் தோன்றியதை அவர்கள் தேர்ந்துகொண்டனர்.

1926 முதல் கடலோடிய ‘ரஜுலா’ என்ற கப்பல் அவர்களுள் பலரைப் பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் சேர்த்தது. அங்கு இறங்கியவர் விட்டுவந்த ஊரைக் கண்டாரல்லர். பெற்றோர் மறைந்திருந்தனர், நிலம் பங்காளிகளிடையே பிரிந்திருந்தது. பிறந்த ஊரிலேயே ‘மலாயாக்காரர்’ என்று அழைக்கப்பட்டவரும் உண்டு.

அதன்பின் இரு கரைகளையும் இணைத்தது கடிதம் ஒன்றே. எழுத்தறியாத தாத்தா அங்கே எவரையேனும் கொண்டு எழுதுவித்தார்; இங்கே எழுத்தறியாத பெற்றோருக்குத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்ற பேரன் அதைப் படித்துக் காட்டினான், மறுமொழியும் எழுதினான். அப்பள்ளி ஊட்டிய எழுத்தறிவு தேர்விற்கு உதவியதோடு, ஒரு குடும்பம் அறுந்து போகாமலும் காத்தது. தாத்தாவின் மறைவுக்குப் பின் கடிதங்கள் நின்றன. கடிதங்கள் நின்றபின், பல குடும்பங்களில் ஊரின் பெயரும் மறந்துபோயிற்று.

‘ரஜுலா’ 1973-இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலின் பயணமும் 1985-இல் நேர்ந்த தீ விபத்தோடு முடிவுற்றது. அந்தக் கடல்வழி இன்றில்லை. ஆயினும், வீட்டு இரும்புப் பெட்டிகளில் பழைய கடவுச்சீட்டு, சிவப்பு அட்டை, மடித்த வான்மடல் ஆகியவை இன்னும் கிடத்தல் கூடும். மாணவர் அவற்றை எடுத்து, அதிலுள்ள ஊரின் பெயரை ஒருமுறை உரக்கப் படிப்பாராக. சென்ற மூத்தோர் உறவைத் துறந்தவரல்லர் என்பதை அந்த எழுத்துகளே எடுத்துரைக்கும்.