வாங்கும் கையும் ஆளும் கையும்

சந்தையில் வாங்குவோரும் விற்போரும் சமமாக நின்று பேரம் பேசுகின்றனர். வாங்குவோன் அரசனாகவும் இருப்பின் அச்சமநிலை குலைந்துவிடுகிறது. தூனிஸில் பிறந்த வரலாற்றறிஞர் அல்லாமா இப்னு கல்தூன், 1377இல் இயற்றிய ‘முகத்திமா’வில் இதனைத் தெளிவுற விளக்கினார். அரசன் வணிகத்தில் இறங்கினால் அவனோடு போட்டியிட எவரும் துணியார். சரக்கு அடிமாட்டு விலைக்கு அவனிடம் போய்ச் சேரும். சிறு வணிகர் முதலிழந்து தொழிலைக் கைவிடுவர். முடிவில் அரசின் வரி வருவாயும் வற்றும் என்பது அவர் கண்ட உண்மை.

ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் வங்கத்தில் அதனைக் காண்கிறோம். 1753இல் கிழக்கிந்தியக் கம்பெனி இடைநின்ற வணிகரை விலக்கிக் குமாஸ்தாக்கள் வாயிலாக நெசவாளரிடம் துணி கொள்ளத் தொடங்கியது. 1765இல் திவானி உரிமை கிட்டியதும், மக்கள் செலுத்திய வரிப்பணத்தைக் கொண்டே மக்கள் நெய்த துணியை வாங்கிற்று! முன்பணம் பெற்ற நெசவாளன் பிறருக்கு நெய்தல் கூடாது. விலையை வகுப்பவனும் குமாஸ்தாவே. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் அது வாணிபமாகுமோ?

இன்று நம் நாட்டில் வாங்குவோரையும் சட்டம் கட்டுப்படுத்துகிறது. குறு, சிறு தொழில் செய்வோரிடம் பெற்ற சரக்குக்கு 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் கூட்டு வட்டி உண்டு என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். மத்திய அரசுத் துறைகள் தம் ஆண்டுக் கொள்முதலில் அன்னாருக்கு ஒதுக்கவேண்டிய பங்கு, 2012இல் 20 விழுக்காடாக வகுக்கப்பட்டு, 2018இல் 25 ஆக உயர்த்தப்பட்டது.

நெசவாளனுக்கு அன்று இத்தகைய அரண் இல்லை. இன்று அரண் இருந்தும், முறையாகப் பதிவு செய்யாமலும் கேட்க அஞ்சியும் நம்மவர் பலர் உரியதை இழக்கின்றனர். உரிமையை அறிந்து கேட்பதும் வாணிபத்தின் ஒரு பகுதியே.