இணையைத் தெரிவுசெய்யும் உரிமை

2015ஆம் ஆண்டு விம்பிள்டன் போட்டியில் பெண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றவருக்குக் கிடைத்த பரிசுப்பணம் 18,80,000 பவுண். அதே நாளில், அதே நடு அரங்கில் பெண்கள் இரட்டையர் பட்டத்தை வென்ற இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 3,40,000 பவுண். பங்கிட்டால் ஆளுக்கு 1,70,000. தனித்து நின்று வென்றவர் பெற்றதில் இது ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு.

அந்த இருவரில் ஒருவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சானியா மிர்சா. மற்றவர் சுவிற்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸ். பணக்காரர்களின் ஆட்டத்தில் பணக்காரர்கள் பங்கிடும் பணத்தைப் பற்றி நமக்கென்ன கவலை என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சானியா வறுமையில் உழன்ற தொழிலாளியல்லர். மட்டை வாங்கவும் வெளிநாடு செல்லவும் வசதியுள்ள மத்தியதரக் குடும்பத்தில் வளர்ந்தவர். விளம்பரங்களால் பெரும்பொருள் ஈட்டியவர். ஆயினும், ஒரு சமுதாயம் சேர்ந்து உழைப்போரின் உழைப்பை எவ்வாறு மதிப்பிடுகிறது, ஒரு பெண் யாருடன் சேர்ந்து நிற்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை யார் கையில் வைத்திருக்கிறது என்னும் இரு கேள்விகளுக்கும் அவருடைய இருபதாண்டு ஆட்டவாழ்வு தக்க சான்றாக விளங்குகிறது. அதனாலேயே அதனை இங்கு ஆராய முற்படுகிறோம்.

சானியாவின் கதைக்கு முன்கதை ஒன்றுண்டு. அது அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1970ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெறவிருந்த போட்டியொன்றில் ஆண்களில் வெல்பவருக்கு 12,500 டொலரும் பெண்களில் வெல்பவருக்கு 1,500 டொலரும் என அறிவிக்கப்பட்டது. எட்டு மடங்குக்கும் மேற்பட்ட இவ்வேற்றுமையைச் சகியாத ஒன்பது வீராங்கனைகள், அவ்வாண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் ஹூஸ்டன் நகரில் ஒன்றுகூடி, 'உலக டென்னிஸ்' என்னும் சஞ்சிகையின் வெளியீட்டாளரான கிளாடிஸ் ஹெல்ட்மனோடு ஆளுக்கு ஒரு டொலருக்கு ஒப்பந்தம் எழுதினர். அவர்களுள் எழுவர் அமெரிக்கர், இருவர் அவுஸ்திரேலியர். சங்கத்தின் தடை தம்மீது பாயும் என்பதை அறிந்தே அவர்கள் கையெழுத்திட்டனர். உள்ளடக்கத்தில் அது ஒரு வேலைநிறுத்தமே.

அந்த ஒன்பதின்மருள் ஒருவர் ரோசி கசால்ஸ். எல் சல்வடோரிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1948இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். செல்வர்களின் கழகங்களுக்கு வெளியே, பொதுப் பூங்காவின் ஆடுகளங்களில் ஆட்டம் பயின்றவர். ஐந்தடியைச் சற்றே தாண்டிய உயரமுடைய இவர் பில்லி ஜீன் கிங்கோடு இணைந்து ஐந்து முறை விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை வென்றார். அவருடைய வாழ்நாள் இரட்டையர் பட்டங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. ஹூஸ்டனில் அக்கலகக்காரிகள் நடத்திய முதற் போட்டியை வென்றவரும் அவரே. இப்போராட்டத்தின் பயனாக அமெரிக்கப் பகிரங்கப் போட்டி 1973இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசை வழங்கியது. விம்பிள்டன் அவ்வறிவைப் பெற 2007ஆம் ஆண்டுவரை சென்றது.

அப்பெண்களின் சுற்றுப்போட்டிக்குப் பணம் கொடுத்தது ஒரு சிகரெட் நிறுவனம் என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். பெண் விடுதலையும் புகையிலை வியாபாரமும் ஒரே பதாகையின் கீழ் நின்றன. புகையிலை விற்ற காசில் பிள்ளைகளைப் படிப்பித்த யாழ்ப்பாணத்தவர்க்கு இம்முரண்பாடு புதுமையானதன்று.

இனிச் சானியாவுக்கு வருவோம். 1986 நவம்பர் 15இல் மும்பையிற் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த இவர், ஆறாம் வயதில் மட்டை பிடித்தார். தந்தையே முக்கியப் பயிற்சியாளராக அமைந்தார். இவருக்கு முன் கோயம்புத்தூரின் நிருபமா வைத்தியநாதன் 1998இல் அவுஸ்திரேலியப் போட்டியின் முதற்சுற்றில் வென்று இந்தியப் பெண்களுக்கு ஒரு வழி திறந்திருந்தார். அவ்வழியில் சானியா விரைந்து நடந்தார். 2003இல் ரஷ்யாவின் அலிசா கிளெய்பனோவாவுடன் விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டம். 2005இல் சொந்த ஊரில் ஒற்றையர் பட்டம். அதே ஆண்டில் அமெரிக்கப் போட்டியின் நான்காம் சுற்று. 2007இல் ஒற்றையர் தரவரிசையில் 27ஆம் இடம். இவ்வுயரத்தை அதற்குமுன் எந்த இந்தியப் பெண்ணும் எட்டியதில்லை.

புகழ் வந்த வேகத்திலேயே உரிமை கொண்டாடுவோரும் வந்தனர். 2005இல் மதகுரு ஒருவர் அவருடைய ஆட்டவுடை மார்க்கத்துக்கு மாறானது எனத் தீர்ப்புரைத்தார். பதினெட்டு வயதுப் பெண் கொல்கத்தாவிற் காவலர் சூழ ஆடவேண்டியதாயிற்று. 2008இல் வேறொரு திசையிலிருந்து கணை வந்தது. அவர் அமர்ந்திருந்த கோலம் தேசியக் கொடியை அவமதித்ததாக வழக்குத் தொடுக்கப்பட்டது. ஒருவர்க்கு அவர் போதிய முஸ்லிம் அல்லர். மற்றவர்க்குப் போதிய இந்தியர் அல்லர். மனம் நொந்த அவர் அவ்வாண்டு பெங்களூரில் நடந்த போட்டியில் ஆட மறுத்தார். மதப் பிற்போக்கும் தேசியப் பிற்போக்கும் தம்முள் பகைபோலத் தோன்றினும், பெண்ணின் உடலைத் தம் உடைமையாகக் கருதுவதில் இரண்டும் உடன்பிறப்புகளே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்காலத்திலேயே அவருடைய மணிக்கட்டு முறையிடத் தொடங்கிற்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வலி தாளாது முதற் சுற்றிலேயே விலகினார். முழங்கால்களும் கத்திக்குத் தப்பவில்லை. ஒற்றையர் ஆட்டத்தில் 27 அடி அகலமான களத்தை ஒருவரே காக்கவேண்டும். இரட்டையரில் களம் 36 அடியாக விரிகின்றது; ஆனால் அதைக் காக்க இருவர் உளர். உடலின் கணக்கை உணர்ந்த சானியா மெல்ல மெல்ல இரட்டையரின் பக்கம் சாய்ந்தார். 2009இல் மகேஷ் பூபதியுடன் அவுஸ்திரேலியக் கலப்பு இரட்டையர் பட்டத்தையும், 2012 ஜூனில் அவருடனேயே பிரெஞ்சுப் பட்டத்தையும் வென்றார்.

இடையில், 2010இல், அவர் பாக்கிஸ்தான் கிரிக்கெட் வீரர் ஒருவரை மணந்தார். ஒரு பெண் தன் வாழ்க்கைத் துணையைத் தானே தெரிந்துகொண்டது இரு நாடுகளின் விவகாரமாக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரும், தெலுங்கானா அரசு அவரை மாநிலத் தூதுவராக நியமித்தபோது, சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அவரைப் பாக்கிஸ்தானின் மருமகள் என்று பழித்தார். அம்மணவாழ்வு பின்னாளில் முடிவுற்றதெனினும், தெரிவும் முறிவும் அவருக்குரியனவே. சாதியும் சீதனமும் பார்த்துப் பெண்ணுக்குத் துணை குறிக்கும் நம் ஊர்களில் உள்ளோர், எல்லைக்கு அப்பாலுள்ளோரைக் கண்டு நகைப்பதற்கு இடமில்லை.

களத்திலும் இதே கதை நிகழ்ந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் நெருங்கியபோது, லியாண்டர் பயஸுடன் இணைந்து ஆட மகேஷ் பூபதியும் ரோகன் போபண்ணாவும் மறுத்தனர். ஆடவர் பூசலைத் தீர்க்க முடியாத டென்னிஸ் சங்கம், பயஸை அமைதிப்படுத்தும் பொருட்டுக் கலப்பு இரட்டையரில் சானியாவை அவருக்கு இணையாக அறிவித்தது. சில வாரங்களுக்கு முன்னரே பூபதியுடன் பிரெஞ்சுப் பட்டம் வென்றவரின் விருப்பம் பொருட்படுத்தப்படவில்லை. சானியா வாய்மூடி இருக்கவில்லை. மனத்தாங்கல் கொண்ட மூத்த வீரர் ஒருவரைச் சமாதானப்படுத்தத் தம்மைத் தூண்டில் இரையாக வைத்தனர் என்று எழுத்தில் அறிக்கை விடுத்தார். பின்னர் லண்டன் சென்று ஆடினார்; காலிறுதியில் அவ்விணை தோற்றது. மகளைக் கொடுத்து மன்னர்கள் பகை தணித்த காலம் மலையேறிவிட்டது என்று நம்புவோர் இவ்வறிக்கையைப் படித்தல் நன்று.

2013இல் அவர் ஒற்றையரை முற்றாகத் துறந்தார். இதைப் பின்வாங்கல் என்று சிலர் எழுதினர். ஆனால் அவருடைய ஆட்டத்தின் பொற்காலம் இதன் பின்னரே பிறந்தது. காரணம், இப்போது இணையைத் தெரிந்தவர் அவரே. சிம்பாப்வேயின் காரா பிளாக்கோடு 2014இன் ஆண்டிறுதிப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டில் பிறேசிலின் புரூனோ சொவாரிஸோடு அமெரிக்கக் கலப்புப் பட்டத்தை வென்றார். 2015 மார்ச்சில் ஹிங்கிஸோடு இணைந்தார். இணைந்து ஆடிய முதல் மூன்று போட்டிகளிலும் பட்டம் பெற்று, ஏப்ரல் 13ஆம் நாள் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தை அடைந்தார்.

அவ்விணையின் இயக்கத்தை உற்றுநோக்குவது பயனுடையது. சானியாவின் முன்கை வீச்சு மிக வலியது. வேகமும் ஆரம்பப் பந்தடியும் அத்துணை வலியனவல்ல. ஹிங்கிஸிடம் வலிமை குறைவு. வலையருகே நின்று பந்தின் போக்கை முன்னறியும் நுண்மை மிகுதி. ஒருவர் பின்கோட்டிலிருந்து அடித்து எதிரியை நிலைகுலைப்பார். மற்றவர் தளர்ந்து வரும் பந்தை வலையருகே முடிப்பார். ஒருவருடைய குறை மற்றவருடைய நிறைவால் மூடப்பட்டது. 2015 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் ரஷ்யாவின் மகரோவாவும் வெஸ்னினாவும் மூன்றாம் பகுதியில் 5–2 என முந்தியிருந்தனர். ஐந்துக்கு ஐந்தென்று சமன்செய்த வேளையில் இருள் சூழ்ந்தது. கூரையை மூடி விளக்கொளியில் ஆட்டம் தொடர்ந்தது. 5–7, 7–6, 7–5 என்று வெற்றி இவர்கள் பக்கம் வந்தது. அவ்வாண்டு அமெரிக்கப் போட்டியிலிருந்து 2016 பெப்ரவரி வரை இவர்கள் தொடர்ச்சியாக 41 ஆட்டங்களை வென்றனர். 1983 முதல் 1985 வரை நவ்ரத்திலோவாவும் பாம் ஷ்ரைவரும் நாட்டிய 109 வெற்றிகளோடு ஒப்பிட்டால் இது சிறிது. எனினும் கால் நூற்றாண்டில் வேறெந்த இணையும் இதனை எட்டவில்லை.

இத்தகைய உழைப்புக்குப் பதினொன்றில் ஒரு பங்கு ஏன்? ஒற்றையரில் உடலுழைப்பு மிகுதி என்பது உண்மையே. ஆயினும் போட்டி நடத்துவோர் முதலிற் சொல்லும் காரணம் அதுவன்று. இரட்டையரைக் காண ஆளில்லை என்பதே. 1970இல் பெண்களின் ஆட்டத்தைக் காண ஆளில்லை என்று சொன்னவர்களும் இவர்களே. சிறிய களங்களில் ஒதுக்கி, தொலைக்காட்சியில் காட்டாது விட்டு, பின்னர் காண்போர் இல்லையெனக் கூலியைக் குறைப்பது எல்லாத் தொழில்களிலும் முதலாளி கையாளும் முறைதான். தனி வீரன் ஒருவனின் முகம் விளம்பரத்துக்கு வசதியானது. இருவருடைய கூட்டுழைப்பை ஒரு சவர்க்காரக் கட்டியின் மேல் அச்சிடுவது கடினம்.

2018இல் மகனைப் பெற்றெடுத்த சானியா, 2020 ஜனவரியில் உக்ரைனின் நாடியா கிச்செனொக்கோடு ஹோபார்ட் பட்டத்தை வென்று மீண்டார். தாய்மையோடு பெண்ணின் தொழில் முடிந்தது என்ற தீர்ப்பை அவ்வெற்றி பொய்ப்பித்தது. 2023 அவுஸ்திரேலியக் கலப்பு இறுதியாட்டத்தில் போபண்ணாவுடன் ஆடித் தோற்று, பெப்ரவரி 21ஆம் நாள் துபாயில் அமெரிக்காவின் மடிசன் கீஸோடு தம் கடைசிப் போட்டியை ஆடி ஓய்வு பெற்றார். ஆறு பெருந்தொடர்ப் பட்டங்களும் 43 மகளிர் இரட்டையர் பட்டங்களும் அவர் பெயரில் உள்ளன. ஒவ்வொன்றிலும் இன்னொருவரின் பெயரும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது.

கோப்பாயிலிருந்து நோக்கும் நமக்கு டென்னிஸ் எட்டாத ஆட்டமாக இருக்கலாம். துரைமாரின் கழகங்களோடு இங்கு வந்த அவ்வாட்டம் நம் செம்மண் கிராமங்களுக்குள் இறங்கவில்லை. ஆனால் ஆங்கிலேயர் காலப் பெண்கள் பாடசாலைகளின் வழியாக வந்த வலைப்பந்தாட்டம் இறங்கியது. இதே குடாநாட்டில், புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினையிலிருந்து சென்ற தர்ஜினி சிவலிங்கம், 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடினார். 2019 உலகக் கிண்ணப் போட்டியில் எல்லோரினும் மிகுதியான கோல்களை இட்டார். வலைப்பந்தாட்டத்தில் பந்தை வைத்திருப்பவர் ஓட இயலாது. மூன்று விநாடிக்குள் அதைக் கைவிடவேண்டும். ஆகவே எத்துணை உயர்ந்த வீராங்கனையும், நடுக்களத்திலிருந்து பந்தைக் கொண்டுவந்து சேர்க்கும் பெயர் தெரியாத தோழியர் இன்றி ஒரு கோலும் இட முடியாது. கூட்டுழைப்பின் இலக்கணத்தை எந்தப் பாடநூலையும்விட இவ்விதி எளிதிற் கற்பிக்கிறது.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் பயின்று ஊர்ப் பாடசாலைகளுக்குச் செல்லும் இளம் ஆசிரியர்களுக்கு இதில் நேரடியான பணியொன்று உண்டு. பரிசளிப்பு விழாவில் கோல் இட்டவளுக்கு மட்டும் கிண்ணம் கொடுக்கும் வழக்கம் மாறவேண்டும். பந்தைச் சேர்த்தவளும் மேடைக்கு அழைக்கப்படவேண்டும். வயதுக்கு வந்ததும் மைதானத்திலிருந்து மகளை அழைத்துச் செல்லும் பெற்றோரின் வாசலுக்கு ஆசிரியர் சென்று பேசவேண்டும். அணியில் யார் யாரோடு ஆடுவது என்று குறிக்கும் வேளையில், சாதியையும் சிபார்சையும் விலக்கி, ஆடப்போகும் பெண்களையே முதலிற் கேட்கவேண்டும். ஹைதராபாத்தின் பெண்ணொருத்தி உலகின் முதலிடத்தில் இருக்கவேண்டிய திறமையோடு இருந்தும், தன் இணையைத் தானே தெரிய அறிக்கை எழுதிப் போராட வேண்டியிருந்தது. நம் மாணவிகள் அவ்வுரிமையைப் பள்ளி மைதானத்திலேயே பழகிக்கொள்ளட்டும்.