காந்த நடுக்கோட்டின் வரலாறு

மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் வீதியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது செட்டிபாளையம். அவ்வூரில் ஒரு காந்த ஊசியை நடுவில் நூலிட்டுத் தொங்கவிடின், அது வடக்குத் தெற்காகத் திரும்பி, ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். இதில் வியப்பென்ன என வினவலாம். இலண்டனில் அதே ஊசி அவ்வாறு நில்லாது. அதன் வடமுனை 66 பாகைக்கும் மேலாக நிலத்தை நோக்கிச் சரியும். நம் மாணவர் நெடுங்காலம் மனனஞ்செய்தது அந்த இலண்டன் சரிவையே. தம் ஊர் ஊசி சரியாது என்பதை அவர்க்குச் சொன்னவர் சிலரே.

சரிவைக் கண்டவர் திசைகாட்டி செய்து பிழைத்த றொபேட் நோர்மன் என்னும் ஆங்கிலக் கைவினைஞர். காந்தமேற்றுமுன் செம்மையாகச் சமன்செய்த ஊசி, காந்தமேற்றியபின் வடபுறம் தாழ்ந்துவிடுவது அவருக்கு ஓயாத தொல்லையாயிற்று. அதைச் சீர்செய்ய முனைந்து, ஓர் அரிய ஊசியை அளவுக்கு மிஞ்சி வெட்டிக் கெடுத்துவிட்டார். அச்சினமே ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. 1581 இல் அவர் வெளியிட்ட நூலில் இலண்டனின் சரிவு 71 பாகை 50 கலை என உள்ளது. அவர் தம் பட்டறையைச் செட்டிபாளையத்தில் அமைத்திருந்தால் ஊசியும் கெட்டிராது, கண்டுபிடிப்பும் நிகழ்ந்திராது.

1600 இல் வில்லியம் கில்பேட், காந்தக் கல்லைக் கோளமாகக் கடைந்து அதன்மேல் சிற்றூசிகளை வைத்து நோக்கினார். முனைகளில் ஊசி நிமிர்ந்து நின்றது, நடுவில் கிடந்தது. ஆகவே புவியே ஒரு பெருங்காந்தம் என்றார். காந்தப்புலக் கோடுகள் தென்பாதியில் நிலத்தினின்று எழுந்து, வடபாதியில் மீண்டும் நிலத்துட் புகுகின்றன. இடையில் நிலத்துக்கு இணையாகச் செல்கின்றன. சரிவு அறவே இல்லாத இடங்களை இணைக்கும் கோடே காந்த நடுக்கோடு. அது புவிநடுக்கோட்டோடு ஒன்றுவதில்லை. நம் பகுதியில் அதற்கு ஏறத்தாழ 8 பாகை வடக்கே, தென்னிந்தியாவின் தென்கோடியையும் இலங்கையையும் ஒட்டிச் செல்கின்றது.

காந்தம் தமிழர்க்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார், சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் காந்தத்தின்முன் இரும்பு இயங்குவதை உவமையாக்கினார். ஆயினும் உவமை வேறு, அளவை வேறு. அளக்கும் பணி நம் அயலில் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டிலேதான்.

சுவாதித்திருநாள் ஆட்சியில் திருவனந்தபுரத்தில் எழுந்த வானாய்வகத்துக்கு 1837 இல் ஜோன் கால்டிகொட் பொறுப்பேற்றார். அவரும் சென்னை வானாய்வகத்துத் தெயிலரும் தென்னிந்தியாவெங்கும் சரிவையும் காந்தவிசையையும் அளந்தனர். கால்டிகொட் மறைந்தபின், 1852 இல் ஸ்கொத்லாந்தினரான ஜோன் அலன் புறோன் வந்தார். இவரது துணிவைப் பாராட்டாதிருக்க முடியாது. கடல்மட்டத்துக்கு அணித்தான திருவனந்தபுரத்து அளவீடுகளை மலையுச்சி அளவீடுகளோடு ஒப்பிட விரும்பி, 6,000 அடிக்கு மேற்பட்ட அகத்தியமலை உச்சியில் 1855 இல் ஓர் ஆய்வகம் அமைத்தார். யானைக் காட்டினூடே, குளிரிலும் மழையிலும் பலகைகளையும் கருவிகளையும் சுமந்தேறியவர் உள்ளூர்த் தொழிலாளர். இரவு பகலாக ஊசியை நோக்கி எண்களைப் பதிந்தவரும் பெரும்பாலும் இந்திய உதவியாளரே. விஞ்ஞான வரலாறு புறோனை ஓரளவு நினைவுகூர்கின்றது, அவர்களை நினைவுகூர்வதில்லை.

புவிக்காந்தத்தின் கிடைவிசை நாளுக்குநாள் கூடுவதும் குறைவதும் உலகெங்கும் ஏறத்தாழ ஒருங்கே நிகழ்கின்றன என்பது புறோன் கண்ட பேருண்மை. அவர் 1865 இல் நாடு திரும்பினார். அளவீடுகளின் முதற்றொகுதி 1874 இல்தான் வெளியாயிற்று. எஞ்சியவற்றை அச்சேற்றி முடிக்குமுன் 1879 இல் காலமானார்.

அந்த அளவீடுகளின் அருமை பின்னரே முழுமையாக விளங்கியது. காந்த நடுக்கோட்டின்மீது பகற்பொழுதில் கிடைவிசை வழக்கத்துக்கு மாறாக உயர்வதை 20ஆம் நூற்றாண்டினர் ஆராய்ந்தனர். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில், வளியின் மின்னேறிய படையில் கிழக்கு நோக்கி ஒடுங்கிய மின்னோட்டமொன்று பாய்வதே காரணம். 1951 இல் சிட்னி சப்மன் அதற்கு நடுக்கோட்டு மின்தாரை எனப் பொருள்படும் பெயரிட்டார். 1963 நவெம்பர் 21 இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ரொக்கற் ஏவப்பட்டது. மீனவர் வாழ்ந்த அக்கடற்கரை தெரிவுசெய்யப்பட்டதற்குக் காந்த நடுக்கோட்டின் அண்மையே தலையாய காரணம்.

அந்த மின்தாரை நடுக்கோட்டின் இருமருங்கும் ஏறத்தாழ மும்மூன்று பாகை அகலத்தில் உலகைச் சுற்றிவருவது. செட்டிபாளையம் அதற்கு உட்பட்டதே. வாவியில் தோணிகள் கரைசேரும் நண்பகலில், அவ்வூருக்கு மேலே அது வலுவுற்றுப் பாய்கின்றது. நூலில் தொங்கும் ஊசியோ, கண்ணுக்குப் புலப்படாத சிறு நடுக்கத்தோடு, கிடையாகவே நிற்கின்றது.